அத்திவாரக் கல்லில் ஒரு பூமேடு

தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று நன்றாகப் பிடித்துவிட்ட ஒரு காலை. கற்பிட்டியில் என் நாற்றுக் கொட்டிலின் பச்சை வலை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆலங்குடாவுக்குப் போகும் பாதையில் ஓர் ஓட்டோ வந்து நிற்க, என் ராத்தா இறங்கினார். ஒரு கையால் அபாயாவையும் மறுகையால் தலைத்துணியையும் பிடித்தபடி சலாம் சொல்ல வாயைத் திறந்தார். காற்று ஒரு பிடி மணலை உள்ளே போட்டது. துப்பிவிட்டுத்தான் சலாம் சொன்னார்.

ராத்தா என் கூடப்பிறந்த அக்கா, ஆறேழு வயது மூத்தவர். குறிஞ்சிப்பிட்டியில் இருக்கும் அவர் வீட்டிலிருந்து என் கொட்டிலுக்கு எப்போதும் நடந்துதான் வருவார். ஓட்டோவில் வந்தால் ஏதோ தலைபோகிற விசயம்.

"தம்பி, எனக்குப் பூக்கன்று வேணும்."

"சீனியாவா, காசித்தும்பையா?"

"ரெண்டும் வேணாம். முட்டினாலும் மோதினாலும் சாகாத கன்று தா. வருசக்கணக்கா நிக்கிற கன்று."

"எங்க வைக்க?"

"என்ட வாசலுக்கு."

கையிலிருந்த பூவாளியைக் கீழே வைத்தேன். முப்பது வருடத்துக்கு மேலாக ராத்தாவின் வாசலில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டி உயிரோடு நின்ற பூ கிடையாது. வைக்க விடமாட்டார் மச்சான், அதாவது ராத்தாவின் கணவர்.

போகிற ஆட்கள்

போர்க்காலத்தில், தொண்ணூறில், முஸ்லிம்களாகிய நாங்கள் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு இந்தக் கரைக்கு வந்தபோது, எல்லாரும் ஒரே கதையைத்தான் கதைத்தோம். ஒரு மாதம், மிஞ்சினால் நோன்புப் பெருநாள், அதற்குள் ஊருக்குப் போய்விடுவோம். பெருநாள் வந்தது. ஹஜ்ஜுப் பெருநாளும் வந்தது. நாங்கள் போகவில்லை. ஆனால் கதையை மாற்றவும் இல்லை.

அந்தக் கதைக்கு ஏற்றபடிதான் முகாமில் செடி வைத்தார்கள். தென்னோலைக் கிடுகுக் கொட்டில்களின் வாசலில் பூ இல்லாமல் இல்லை. காசித்தும்பை, சீனியா, கோழிக்கொண்டை என்று எல்லாம் ஒரு மழைக்கு முளைத்து அடுத்த வெயிலுக்குக் கருகுகிறவை. தண்டு முற்றி மரமாகிற எதையும் ஒருவரும் வைக்கவில்லை. வைத்தால் இங்கேயே இருந்துவிடச் சம்மதித்ததாகிவிடும் என்று பயம்.

ஒருவர் மட்டும் இரண்டாம் வருடமே நான்கு தென்னம்பிள்ளை நட்டார். "இவர் போற ஆள் இல்ல" என்று முகாமே அவரைப் பார்த்துச் சிரித்தது. பள்ளிவாசலில் கூட அவர் பக்கத்தில் நிற்கச் சிலர் யோசித்தார்கள். இன்றைக்கு எங்கள் வீட்டுக் கறிக்கு அவருடைய தேங்காய்தான் வருகிறது.

மச்சான் இந்த விசயத்தில் முதல் வரிசை. கடலுக்குப் போகிற மனிதர், கதை குறைவு, பிடிவாதம் கூட. ராத்தா ஒரு தடவை எங்கேயோ இருந்து செவ்வரத்தைத் தடி ஒன்றைக் கொண்டுவந்து ஊன்றினார். மறுநாள் மச்சான் அதைப் பிடுங்கி வேலிக்கு வெளியே வைத்தார். எறியவில்லை, வைத்தார். "நாம போற ஆக்கள். இதுக்கு ஆரு தண்ணி ஊத்துற?" என்றார். அவ்வளவுதான்.

முகாம் போய்க் காணி வந்தது. கிடுகு போய் ஓடு வந்தது. வாசலில் காசித்தும்பை மட்டும் மாறவில்லை.

பூ வைத்துச் சொல்வது

அன்று காலை ராத்தாவைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, என்ன நடந்தது என்று கேட்டேன்.

கத்தாரில் இருக்கும் மகன் மன்னாரில் பழைய காணியில் வீடு கட்டிவிட்டான். கதவு ஜன்னல் போடும் வேலை மட்டும் மிச்சம். அதை முடிக்க மச்சான் அங்கே போயிருக்கிறார். இரண்டு கிழமையில் திரும்பி வந்து, மாரி மழைக்கு முன் ராத்தாவையும் கூட்டிக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடுவது அவருடைய திட்டம்.

"நான் வரமாட்டன் எண்டு சொல்லிப் பாத்திட்டன். அவருக்குக் காதில விழல்ல. அதான், பூ வெச்சுச் சொல்லப் போறன்," என்றார் ராத்தா.

"ஏன் போக ஏலாது ராத்தா? உங்கட ஊர்தானே?"

"நஸ்ரினா இஞ்ச கிடக்கிறாள்."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. ஆனால் வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

நஸ்ரினா ராத்தாவின் மூத்த பிள்ளை. முகாமில் பிறந்து, தவழத் தொடங்கும் வயதில் காய்ச்சலில் மவுத்தானவள். எங்கள் பக்கம் மையத்தை அடக்கும் மையவாடிக்குள் பெண்கள் போவதில்லை. அடக்கியபின் தலைமாட்டில் பச்சையாக ஏதாவது ஒரு கன்றை ஊன்றுவது வழக்கம். ராத்தா கொட்டில் வாசலில் பூத்து நின்ற காசித்தும்பையை வேரோடு கிளப்பி, ஒரு பால்மா டின்னில் வைத்து மச்சானிடம் கொடுத்து அனுப்பினார். முகாமில் வேறு என்ன இருந்தது?

மழை முடிந்து வெயில் வந்ததும், பூ நிற்கிறதா என்று ராத்தா கேட்டார். "காசித்தும்பைதானே. பட்டுப்போச்சு," என்றார் மச்சான். அதன்பிறகு இருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. கபுறின் அடையாளத்துக்கு நட்ட மீசான் கட்டையைக் கறையான் தின்றிருக்கும். கச்சான் காற்று அந்த மையவாடி மணலை வருடா வருடம் இடம் மாற்றும். கலியாணம் முடித்து வேறு பள்ளிவாசல் எல்லைக்குப் போய்விட்ட நானும் ஒரு பெருநாளன்று போய்த் தேடிப் பார்த்தேன். அங்கங்கே ஒரு கல், ஒரு உடைந்த ஓடு, இடையில் பட்டிப்பூ. எது யாருடைய கபுறு என்று எனக்கு விளங்கவில்லை.

"அடையாளமும் இல்லாம பிள்ளைய விட்டிட்டு நான் எப்படிடா போற?" என்றார் ராத்தா. "எந்த இடம் எண்டு தெரியாட்டியும், இந்த ஊரில எங்கயோ இருக்கிறாள் தானே. நான் பக்கத்தில இருக்கோணும்."

உப்பு, காற்று, கழுதை

எனக்குப் பூக்கள்மீது பெரிய காதலெல்லாம் கிடையாது. பிழைப்பு. ஆலங்குடாவில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்களுக்காக ஹோட்டல்கள் முளைத்தன, அவற்றுக்கு வாசலில் பூ வேண்டியிருந்தது, நான் கன்று வளர்த்தேன். ஆரம்பத்தில் மலைநாட்டு ரோஜாவைக் கொண்டுவந்து வரிசையாகக் கொன்றேன். பிறகுதான் பழகினேன்.

இந்தக் கரையில் வருடக்கணக்காக நிற்கும் பூவைத் தெரிவுசெய்ய வேண்டுமென்றால் நான் மூன்று கேள்வி கேட்பேன். உப்புக் காற்று இலையில் பட்டால் கருகுமா? ஒரு கிழமை தண்ணீர் ஊற்ற மறந்தால் கோபிக்குமா? கழுதை தின்னுமா? கற்பிட்டிப் பக்கம் வராதவர்கள் கடைசிக் கேள்விக்குச் சிரிப்பார்கள். எங்கள் கழுதைகளுக்குச் சொந்தக்காரர் கிடையாது, வேலி கிடையாது, வெட்கமும் கிடையாது. ஒரு ஹோட்டலுக்கு நான் வைத்த முழுப் பூப்பாத்தியையும் விடிவதற்குள் மேய்ந்துவிட்டு, நீச்சல் குளத்தோரம் சாணமும் போட்டுவிட்டுப் போயின.

ராத்தாவுக்கு நான் தெரிவுசெய்தவை இவை. வேலியோடு பின்வரிசைக்கு அலரி. அதைக் கழுதை மோந்து பார்த்துவிட்டு விலகிவிடும், பால் நஞ்சு. கேற்றுத் தூணுக்கு ஒரு போகன்வில்லா. அது காய்ந்தால்தான் கூடப் பூக்கும், தண்ணீர் ஊற்றிச் செல்லம் கொடுத்தால் வெறும் இலை. முன்னோரத்துக்கு, இலையின் மேற்பக்கம் பச்சையும் அடிப்பக்கம் ஊதாவுமாக இருக்கும் குட்டைச் செடி. நடுவில், நித்தியகல்யாணி என்றும் சொல்லும் பட்டிப்பூ.

பட்டிப்பூவைச் சொல்லும்போது கொஞ்சம் தயங்கினேன். சிலாபம் பக்கத்துச் சிங்களவர்கள் அதை மினி மல் என்பார்கள், பிணத்துக்குரிய பூ என்று பொருள். வாசலில் வைக்கவே மாட்டார்கள். அந்தப் பக்கத்து ஹோட்டல் முகாமையாளர் ஒருவர் நான் வைத்த நூறு கன்றையும் பிடுங்க வைத்தார்.

"கபுறில நிக்கிற பூ," என்றேன்.

"அப்ப அதை முதல்ல வை," என்றார் ராத்தா.

கல்லில்லாத ஊரில் கல்மேடு

எல்லாவற்றையும் சாக்கில் கட்டிய பிறகுதான் ராத்தா இரண்டாவது குண்டைப் போட்டார்.

"ஹோட்டலில கல்லு அடுக்கி இடையில பூ வெச்சிருக்கிறியே, அதுவும் எனக்கு வேணும்."

ரொக்கரி என்று ஹோட்டல்காரர்கள் சொல்வது அது. எனக்கு எப்போதும் சிரிப்பு வரும் விசயம். இந்தத் தீபகற்பத்தில் கல் கிடையாது. தோண்டினால் மணல், இன்னும் தோண்டினால் உப்புத் தண்ணீர். கருங்கல் வேண்டுமென்றால் ஆனமடுவப் பக்கமிருந்து லொறியில் வரவேண்டும்.

"கல்லுக்கு எங்க போற?"

"வளவில கிடக்கே."

ராத்தாவின் வளவில், வேம்புக்கடியில், ஒரு கருங்கல் குவியல் வருடக்கணக்காகக் கிடக்கிறது. சமாதானம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் கதைத்த காலத்தில் மச்சான் வாங்கிப் போட்டது. மன்னாரில் கட்டப்போகும் வீட்டுக்கு அத்திவாரக் கல். அங்கே கல் கிடைக்காதா என்று கேட்டவர்களுக்கு, "அங்க போய்க் கல்லுக்கு அலைய ஏலா" என்பார். சமாதானம் வந்த வழியே போனது. மகன் வீடு கட்டியபோது அங்கேயே கல் வாங்கினான். ஆனாலும் இந்தக் குவியலில் ஒரு கல்லை ஒருவரும் தொடக்கூடாது. தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே வைக்க ஒன்று கேட்டு நானே வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

"மச்சான் என்னை வெட்டிப் போடுவார்."

"என்னத்தான் வெட்டுவார். நீ கல்லுக் கிளப்ப அலவாங்கை எடுத்துக்கொண்டு வா."

போனேன். ராத்தாவுக்கு மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. மச்சானைப் பார்க்கும் முகம் எனக்கு வேண்டும் என்பதும் உண்மை, அதனால் அந்த இரண்டு நாளும் வாய் ஓயாமல் புறுபுறுத்துக்கொண்டே வேலை செய்தேன்.

கல்மேடு அமைப்பது கல்லைக் கொட்டுவதல்ல. ஒவ்வொரு கல்லிலும் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகவேண்டும். முகம் கொஞ்சம் பின்னால் சாய வேண்டும், அப்போதுதான் பெய்கிற மழை வழுகி வெளியே ஓடாமல் வேருக்குப் போகும். இடுக்குகளில் மணலும் மாட்டெருவும் தென்னந் தும்புத்தூளும் கலந்து திணித்தோம். வைத்தது கற்றாழை, தண்டு பருத்த பாலைவன ரோஜா, பிறகு முள்ளுப்பூ. முள்ளுப்பூ என்பது நாங்கள் சொல்லும் பேர். விரல் தடிப்பில் தண்டு, உடம்பெல்லாம் முள், நுனியில் இரத்தச் சிவப்பில் சின்னப் பூ. ஒடித்தால் பால் வடியும். பன்னிரண்டு மாதமும் பூக்கும். கழுதைக்கு அதைக் கண்டாலே ஆகாது.

முடிந்ததும் ராத்தா தள்ளி நின்று பார்த்தார். முகத்தில் சந்தோசம் இல்லை. வழக்குப் பேசப் போகிறவர் முகம்தான் இருந்தது.

ஒரு கல் குறைகிறது

மச்சான் வந்து இறங்கிய அன்று பின்னேரம் நானும் அங்கே இருந்தேன். இருக்க வேண்டும் என்று ராத்தாவின் கட்டளை.

கேற்றைத் திறந்தவர் பையை வைக்காமலே நின்றார். போகன்வில்லாவைப் பார்த்தார். வேலியோரம் அலரியைப் பார்த்தார். பிறகு வேம்புக்கடியில் வெறுமையாகக் கிடந்த இடத்தையும், வாசலில் எழும்பி நின்ற கல்மேட்டையும். நான் என் சைக்கிள் எங்கே நிற்கிறது என்று கண்ணால் தேடிக்கொண்டேன்.

அவர் மெதுவாகச் சுற்றி வந்தார். ஒரு கல்லைக் காலால் அமுக்கிப் பார்த்தார்.

"அசையாதா?" என்று என்னிடம் கேட்டார்.

"அசையாது மச்சான். மண்ணுக்குள்ள போட்டுத்தான் வெச்சிருக்கு."

"ம்."

ராத்தா வாசற்படியிலிருந்து இறங்கி வந்தார். "நான் வரமாட்டன். நீங்க போங்க. பிள்ளைட கபுறு எது எண்டே தெரியாம விட்டிட்டு நான் எங்கயும் வரமாட்டன்."

மச்சான் பையைக் கீழே வைத்துவிட்டு, கல்மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்தார். முள் குத்தாத இடமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தார்.

"எது எண்டு தெரியாதா? ஆருக்குத் தெரியாது?" என்றார்.

ராத்தா கல்மேட்டுக்குக் கிட்ட வந்தார்.

"பூ பட்டுப்போனதும் சங்கு ஒண்டு வெச்சன். கச்சான் மூடிப்போட்டுது. தோண்டி எடுத்து, பிறகு ஒரு போத்தலைத் தலைகீழா ஊண்டினன். அதையும் ஆரோ எடுத்திட்டாங்க. ஜும்ஆ முடிய ஒவ்வொரு கிழமையும் போய் மணலைத் தள்ளிவிட்டிட்டு வருவன், இடம் மறந்துபோகும் எண்டு பயத்தில. இந்தக் கல்லு லொறியில வந்த அண்டைக்கு முதல் கல்லத் தூக்கிக்கொண்டு அங்கதான் போனன். இந்தக் குவியல்ல ஒரு கல்லு குறையும். நீங்க பாக்கல்லியா?"

நாங்கள் பார்க்கவில்லை. யார் பார்ப்பார்கள்?

"நீங்க சொல்லல்லியே," என்றார் ராத்தா.

"நீ கேக்கல்லியே. கதைய எடுத்தா அழுவாய் எண்டு நினைச்சன்."

"கேட்டா நீங்க உடைஞ்சு போவீங்க எண்டுதான் நானும் கேக்கல்ல."

இரண்டு பேரும் முப்பது வருடம் ஒருவரையொருவர் காப்பாற்றிய இலட்சணம் இது. எனக்குக் கோபம் வந்தது. பெருநாளன்று மணலில் நான் பார்த்த அந்தக் கல்லை நினைத்தபோது, அதைவிடக் கூடத் துக்கம் வந்தது. அதற்குப் பக்கத்தில் நின்றுதான் எனக்கு விளங்கவில்லை என்று திரும்பி வந்திருக்கிறேன்.

பாதையிலிருந்து தெரியும் நிறம்

மறுநாள் ராத்தா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "அந்தக் கல்லுக்குப் பக்கத்தில எந்தக் கன்று வெச்சா நிக்கும்?"

நான் மழைப்பூவைச் சொன்னேன். கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும், முதல் மழைக்கு வெள்ளை வெள்ளையாக எழும்பும், ஆயுள் கூட. மச்சான் தலையை ஆட்டி மறுத்தார். "வெயிலுக்கு இலை காணாமப் போகும். இவ திரும்பவும் பட்டுப்போச்சு எண்டு நினைப்பா." சரியான நியாயம். பட்டிப்பூ வேண்டாம், அங்கே எல்லாக் கபுறிலும் அதுதான் வெள்ளையும் ரோசாவுமாக நிற்கிறது. அலரி பெரிதாகிப் பக்கத்துக் கபுறுகளை மூடிவிடும்.

"மதிலுக்கு இந்தப் பக்கம், றோட்டில நிண்டு பாத்தா எனக்குத் தெரியோணும்," என்றார் ராத்தா.

அதோடு தெரிவு முடிந்தது. கல்மேட்டிலிருந்த முள்ளுப்பூவில் நல்ல தடியாகப் பார்த்து ஒன்றை ஒடித்தேன். பால் காயும்வரை நிழலில் போட்டு வைத்தோம், ஈரத்தோடு ஊன்றினால் அழுகும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நானும் மச்சானும் உள்ளே போனோம். அவர் தேடவில்லை. வீட்டுக்குள் நடக்கிறவர்போல் நேராகப் போய் ஒரு கல்லின் முன் நின்றார். தலைமாட்டில் கன்றை அவரே ஊன்றினார், நான் மண்ணை அமுக்கினேன். பிறகு அவர் எழும்பி நின்று கையை உயர்த்தினார். மதிலுக்கு அப்பால் பாதையோரம், காற்றில் அடிக்கும் கறுப்பு அபாயாவோடு நின்ற ராத்தாவும் கையை உயர்த்தினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மணல் என்று சொல்லித் தப்பலாம். மணல் இல்லை.

திரும்பி வரும் வழியில் ராத்தா மச்சானிடம், "எப்ப போறம்?" என்று கேட்டார்.

நான் நடையை நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் முதுகு முறியக் கல் சுமந்தவன் நான்.

"வரமாட்டன் எண்டீங்களே ராத்தா?"

"இடம் தெரியாம எப்படிடா போற? இப்பத் தெரியும். தெரிஞ்ச இடத்துக்குத் திரும்பி வரலாம் தானே."

மாரி மழைக்கு முன் அவர்கள் போனார்கள். வான் வண்டியில் சாமான் ஏற்றி முடித்ததும் மச்சான் கல்மேட்டைப் பார்த்து, "என்ட அத்திவாரம் இஞ்ச நிக்குது," என்று சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் கண்டதில்லை. மையவாடி வந்ததும் வானை மெதுவாகப் போகச் சொன்னார்களாம். ராத்தா ஜன்னல் பக்கம் இருந்தாராம். அப்போது அந்தத் தடியில் இரண்டு இலையும் ஒரு சின்னச் சிவப்பும்தான்.

ராத்தாவின் வாசலுக்கு நான் தண்ணீர் ஊற்றப் போவதில்லை. ஊற்றத் தேவையில்லாதவற்றைத்தானே தெரிவுசெய்து வைத்தேன். கடற்கரையிலிருந்து அடம்பன் கொடி தானாக வந்து கல்மேட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டது, அதையும் விட்டுவிட்டேன். இப்போது ஜும்ஆவுக்கு மட்டும், அந்த மையவாடி இருக்கும் குறிஞ்சிப்பிட்டிப் பள்ளிவாசலுக்குப் போகிறேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மன்னாரிலிருந்து போன் வரும். சுகம் விசாரித்து, மழை விசாரித்து, கடைசியில் ராத்தா கேட்பார்.

"பூத்திருக்கா?"

பன்னிரண்டு மாதமும் பூக்கிற செடி அது. அது ராத்தாவுக்கும் தெரியும். ஆனாலும் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் ஓம் என்று சொல்கிறேன்.